மஞ்சள் மக்காச்சோளமெல்லாம் சத்துச் சோளமா?

கே: 'மார்க்கர்' பார்த்து உருவாக்கிய மக்காச்சோளம் என்கிறார்களே, அது மரபணு மாற்றுப் பயிரா? (தோவாளை)

இல்லை. மகரந்தம் தூவிச் செய்யும் பழைய கலப்புதான். வெளி மரபணு எதுவும் நுழைவதில்லை. சாதாரண மக்காச்சோளப் புரதத்தில் லைசின், டிரிப்டோபேன் என்ற, உடம்புக்கு அவசியமான இரண்டு அமினோ அமிலங்களும் குறைவு. இவற்றைக் கூட்டும் 'ஒபேக்-2' என்ற மரபணு வடிவம் 1964இல் தெரியவந்தது. சிக்கல் என்னவென்றால், அது தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் வந்தால்தான் மணியில் வெளிப்படும். ஒரு வழியில் மட்டும் வாங்கிய செடியைக் கண்ணால் பிரிக்க முடியாது. நாற்றாக இருக்கும்போதே இலையில் நகக்கண் அளவு கிள்ளி டிஎன்ஏவைச் சோதித்தால், பூக்கும் முன்பே ஆள் தெரிந்துவிடும். அந்தச் சோதனையில் தேடும் டிஎன்ஏ அடையாளம்தான் 'மார்க்கர்'. மற்றதைப் பிடுங்கிவிடலாம். வருடக்கணக்கில் மிச்சம்.

கே: இந்த ஒபேக்-2 ரகத்தில் வண்டு அதிகம் விழுமாமே? (பூதப்பாண்டி)

ஆரம்பகால ரகங்களில் உண்மை. மணி சுண்ணாம்புக் கட்டி போல மாவாக இருக்கும், எடையும் குறையும். மெக்சிகோவில் சுரீந்தர் வாசல், எவாஞ்சலினா வில்லேகாஸ் இருவரும் மணியைக் கெட்டிப்படுத்தும் துணை மரபணுக்களைப் பல ஆண்டுகள் தேர்ந்து சேர்த்தார்கள். அதற்காக 2000இல் உலக உணவுப் பரிசும் வாங்கினார்கள். ஆனாலும் நம்மூர் மழைக்கு எந்தச் சோளத்தையும் ஈரத்தோடு சாக்கில் கட்டாதீர்கள். கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும்.

கே: எங்கள் சோளம் நல்ல மஞ்சள். வைட்டமின் ஏ இருக்கும்தானே? (அருமநல்லூர்)

நிறத்தை நம்பாதீர்கள். அந்த மஞ்சளில் பெரும்பங்கு லூட்டீன், சீயாசாந்தின் என்ற நிறமிகள். கோழிக்குப் போட்டால் முட்டைக் கரு பளிச்சென்று இருக்கும். ஆனால் இரண்டுமே உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறாது. மாறுவது பீட்டா கரோட்டின் முதலான சிலதான். அந்த பீட்டா கரோட்டினை மணிக்குள் வேறொன்றாக மாற்றிவிடும் மரபணுவின் வேகம் குறைந்த வடிவத்தையும் மார்க்கர் வைத்தே சேர்க்கிறார்கள். 2017இல் வந்த 'பூசா விவேக் கியூபிஎம்-9 இம்ப்ரூவ்ட்' கலப்பினத்தில் இந்தக் குணமும் ஒபேக்-2ம் சேர்ந்தே இருக்கின்றன.

கே: விளைந்ததில் விதை எடுத்து வைக்கலாமா? (ஆரல்வாய்மொழி)

கலப்பினம் என்றால் வேண்டாம், அடுத்த போகத்தில் விளைச்சல் படுத்துவிடும். தின்பதற்கு விளைவித்தாலும் பக்கத்து வயலைப் பாருங்கள். சாதாரண சோளத்தின் மகரந்தம் காற்றில் வந்து விழுந்தால், அந்தக் கதிரிலேயே அந்த மணி சாதாரண மணி ஆகிவிடும். குமரியில் ஒரு வசதி, சுற்றிலும் பெரும்பாலும் மரச்சீனியும் வாழையும்தான்.