செக், கொசெக், காட் மதிப்பை ரேடியன்ல எப்படி கண்டுபிடிக்கிறது? உதாரணமா செக்(−17π/6)? கால்குலேட்டர்ல இதுக்கு பட்டனே இல்லையே?

பட்டன் தேவையே இல்லைங்க. செக்னா 1/காஸ், கொசெக்னா 1/சைன், காட்னா காஸ்/சைன், அவ்ளோதான். ஷிஃப்ட் போட்டு காஸ் அமுக்கினா மேல −1னு வருதே, அதைத்தான் நிறைய பேர் செக்னு நினைச்சுக்கிறாங்க, அது இன்வர்ஸ் காஸ், வேற ஆளு. செக் 2 வேணும்னு அதுல 2 போட்டுப் பாருங்க, எரர்தான் வரும், ஏன்னா எந்தக் கோணத்துக்கும் காஸ் 1ஐத் தாண்டாது.

சரி, உங்க கணக்குக்கு வருவோம். முதல்ல உள்ள இருக்கிற மைனஸைத் தூக்கிப் போட்டுடலாம், காஸுக்கு எப்படியோ செக்குக்கும் அப்படியே (கொசெக், காட்ல இதைப் பண்ணிடாதீங்க, அங்க மைனஸ் வெளிய வந்து நிக்கும்). அடுத்து ஒரு முழுச் சுத்து 2π, அதை 12π/6னு எழுதிக்கிட்டா 17ல 12 போக மிச்சம் 5, ஆக செக்(5π/6). இது πக்கு π/6 கம்மி, அதனால ரெண்டாவது குவாட்ரன்ட் (90ல இருந்து 180 டிகிரி வரைக்குமான கால் வட்டம்), எந்தக் கால் வட்டத்துல எது ப்ளஸ்னு ஞாபகம் வெச்சுக்கிற 'ஆல் சில்வர் டீ கப்ஸ்' வரிசையில ரெண்டாவதா வர்ற சில்வர், அதாவது சைனும் கொசெக்கும் மட்டும்தான் ப்ளஸ். காஸ் π/6 = √3/2, மைனஸ் சேர்த்து −√3/2, தலைகீழா திருப்பினா −2/√3. ஆன்சர் கீல −2√3/3னு இருந்தா பயப்படாதீங்க, ரெண்டும் ஒண்ணுதான்.

இதை டிகிரிக்கு மாத்தி 510 ஆக்கி அதுல 360 கழிச்சு 150 எடுத்துத்தான் போடுவேன்னு சிலர் அடம்பிடிப்பாங்க, தப்பில்ல, ஆனா எனக்கு அது சுத்து வழியாத்தான் படுது, பின்னத்துலயே கழிச்சுப் பழகிட்டா மனசுலயே முடிஞ்சிடும். காட்டுக்கு இன்னும் ஈஸி, அது πக்கு ஒரு தடவை திரும்பி வர்றதால 2πக்குக் காத்திருக்க வேணாம், காட்(−15π/4)ல 4π கூட்டினா நேரா காட்(π/4), விடை 1.

π இல்லாம வெறும் செக் 2னு கேட்டா அது 2 ரேடியன், கிட்டத்தட்ட 114.6 டிகிரி. அப்ப கால்குலேட்டர் எடுங்க, ஆனா மேல குட்டியா D இருக்கா R இருக்கான்னு பாத்துட்டு அமுக்குங்க. R மோடுல 1/காஸ் 2 போட்டா −2.403, D மோடுல 1.0006. ரெண்டாவது குவாட்ரன்ட்ல செக் ப்ளஸா வந்தாலே மோடு தப்புன்னு தெரிஞ்சுக்கலாம்.

இன்னொண்ணு, காட்(π/2). இதை 1/டான்னு போட்டா கால்குலேட்டர் எரர் அடிக்கும், உடனே மதிப்பு இல்லைன்னு எழுதிடாதீங்க. காஸ்/சைன்னு போடுங்க, 0/1, விடை 0. நிஜமாவே மதிப்பு இல்லாதது செக்(π/2), கொசெக் π, காட் π இதெல்லாம்தான், அங்க கீழ 0 வந்துடும்.