கத்தரிப்பது எப்போது?

கேள்வி: மிங்க் என்ற பிராணியின் முடிக்கோட்டு என்றாலே சிலர் பொங்குகிறார்களே! 'ஷியர்டு மிங்க்' (கத்தரித்த மிங்க்) என்று விலைச்சீட்டிலேயே போட்டிருக்கிறார்கள். ஆட்டுக்குச் செய்வதுபோல முடியைத்தானே கத்தரிக்கிறார்கள்? மறுபடி வளர்ந்துவிடாதா?

பதில்: வளராது. கத்தரிப்பது நிஜம்தான். ஆனால் கத்தரி படும்போது பிராணி உயிரோடு இல்லை.

மிங்க்குக்கு இரண்டு அடுக்கு முடி. நீண்டு பளபளக்கும் வெளிமுடி தண்ணீரை வழியவிடும். அடியில் பஞ்சுபோல் அடர்ந்த உள்முடி குளிரைத் தடுக்கும். நீரில் இறங்கி மீன் பிடிக்கிற ஜந்துவுக்கு இரண்டும் வேண்டும். (பார்வைக்குக் கீரி, உறவோ நீர்நாயோடு.) பதனிட்ட தோலில் வெளிமுடியை உள்முடி மட்டத்துக்கு வெட்டி வெல்வெட்போல் ஆக்கினால், அது 'ஷியர்டு'. விலை, தோலோடு சேர்ந்து நிற்கும் முடிக்குத்தான். தனியே வெட்டிய முடியால் கோட்டு ஆகாது.

பூமியின் வடபாதியில் உள்ள பண்ணைகளில் மார்ச்சில் இணை சேர்ப்பார்கள். ஏப்ரல் கடைசி, மே மாதங்களில் குட்டி. நவம்பர், டிசம்பரில் அந்தக் குட்டியின் தோல். ஆயுள் ஏழெட்டு மாதம். பகல் குறையக் குறையக் கோடைமுடி உதிர்ந்து குளிர்காலமுடி நிறைவதால்தான் இந்தக் கணக்கு. முந்திக்கொண்டால், வளர்ந்து முடியாத முடியின் நிறமி வேரில் நிற்கும். கருநிற மிங்க்கில் தோலின் உட்புறம் நீலம் பாரித்திருப்பதைப் பார்த்தே தரம் குறைத்துவிடுவார்கள். விளைந்த தோல் உள்ளே வெளுத்திருக்கும்.

முடியில் ரத்தம் படக்கூடாது, தோலில் காயம் கூடாது. ஆகவே கார்பன் மோனாக்சைடு அல்லது கார்பன் டை ஆக்சைடு வாயுவில் கொல்கிறார்கள். பின்னங்கால்களுக்கு இடையே கீறி, காலுறையைக் கழற்றுவதுபோல் உள்புறம் வெளியே வரும்படி தலைவழியாக உரிப்பார்கள். அடுத்தது கொழுப்புச் சுரண்டல். கை தவறுவது இங்கேதான். மிச்சம் வைத்தால் கொழுப்பு கெட்டுத் தோல் இற்றுப்போகும். ஆழமாகச் சுரண்டினால் வேர் அறுந்து முடி கொட்டும். பிறகு பலகையில் இழுத்து மாட்டி உலர்த்துவார்கள். முழுநீளக் கோட்டு ஒன்றுக்கு ஏறக்குறைய 50, 60 தோல் வேண்டும்.

நீங்கள் போர்த்திக்கொள்வது 'மிங்க்' போர்வை என்றால் பயப்படாதீர்கள், அது பெரும்பாலும் பாலியெஸ்டர் அல்லது அக்ரிலிக். கோட்டில் சந்தேகம் வந்தால் முடியை வகிடெடுத்துப் பாருங்கள். அடியில் துணிப் பின்னல் தெரிந்தால் செயற்கை. தோல் தெரிந்தால், பொங்குகிறவர்கள் சொல்வது அதைத்தான்.