ஈரமான கிளாஸ் கையிலிருந்து நழுவாமல் இருப்பது எப்படி?

பிடிவிசை என்பது, பொருள் நழுவாதபடி விரல்கள் அதன்மேல் கொடுக்கும் அழுத்தம். சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் தே ஓ ஐஸ் எடுக்கக் கை நீளும்போதே, விரல்கள் கிளாஸின் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதலாக விரிந்து, நெருங்க நெருங்கக் குவியும். எவ்வளவு அழுத்துவது என்பதை மூளை முன்பு தூக்கிய பழக்கத்திலிருந்து கணித்துவிடும். நிறைந்திருக்கிறது என்று நம்பித் தூக்கிய காலி மைலோ டின் விசுக்கென்று மேலே எழும்புவது இதனால்தான்.

கிளாஸ் வியர்த்து வழுக்கினால், விரல்நுனித் தோல் அந்த மெல்லிய நழுவலை உணரும்; ஏறத்தாழ 0.1 விநாடியில், நாம் நினைக்கும் முன்பே பிடி இறுகிவிடும். அருமையான ஏற்பாடு! செம்பனை உதிரிப்பழம் பொறுக்கும் தடித்த கையுறைக்குள் இந்தத் தொடு உணர்வு மங்கும். கை தேவைக்கு மேல் அழுத்தி, சீக்கிரம் களைத்துப்போகும்.

பார்த்துக்கொண்டே இருந்தால் விழாது என்று பலர் நினைக்கிறார்கள். நழுவலை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் தோல்தான், கண் அல்ல.