ஜல்லி போட்டும் வேர் அழுகுவது ஏன்?

கேள்வி: கோவையிலிருந்து குன்னூருக்குக் குடிவந்து ஓராண்டு ஆகிறது. வீட்டுக்குள் மணி பிளாண்ட், பிகோனியா வளர்க்கிறேன். அங்கே ஊற்றியது போலவே ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் ஊற்றுகிறேன். தொட்டியின் அடியில் இரண்டு அங்குலம் ஜல்லியும் உண்டு. ஆனாலும் அடி இலைகள் மஞ்சளாகி, செடி துவண்டு நிற்கிறது. இன்னும் தண்ணீர் தேவையா?

பதில்: வேண்டவே வேண்டாம். மண் ஈரமாக இருக்கும்போதே செடி துவள்கிறது என்றால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது, அதனால் தண்ணீரை உறிஞ்ச முடியவில்லை என்று பொருள். மண் இடுக்குகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் வேருக்கு மூச்சு முட்டும். பித்தியம் போன்ற அழுகல் கிருமிகளுக்கு அதுதான் கொண்டாட்டம்.

கோவைக் கணக்கு மலையில் செல்லாது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும். வெயில் இல்லை, குளிர், காற்றிலும் ஈரம். இலை வழியாக நீர் வெளியேறுவது வெகுவாகக் குறையும். கோவையில் இரண்டு நாளில் காய்ந்த தொட்டி இங்கே பத்து நாளானாலும் காயாது. ஆகவே நாள் கணக்கை விடுங்கள். ஒரு ஈர்க்குச்சியைத் தொட்டியின் பாதி ஆழம் வரை செருகி, ஐந்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். மண் ஒட்டியிருந்தாலோ குச்சி நனைந்திருந்தாலோ ஊற்றக் கூடாது. மேல்மண்ணை மட்டும் நம்பாதீர்கள். கோகோபீட் (தென்னை நார்க்கழிவுத் தூள்) மேலே வெளுத்து, உள்ளே சொதசொதவென்று இருக்கும்.

இனி ஜல்லி. பலரும் நம்பும் வழி இது, ஆனால் கெடுதலே அதிகம். நுண்ணிய மண்ணில் இருக்கும் நீர், பெரிய இடைவெளி உள்ள ஜல்லிக்குள் எளிதில் இறங்காது. மண்ணின் அடிப்பகுதி முழுக்க நனைந்த பிறகே சொட்டும். ஜல்லி இல்லாவிட்டாலும் தொட்டியின் அடியில் இப்படி ஒரு ஈரப் பட்டை நிற்கத்தான் செய்யும். ஜல்லி போட்டால் அந்தப் பட்டை இரண்டு அங்குலம் மேலேறி, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் செங்குத்தாகத் திருப்பினால் மறுபடி சொட்டும். உயரம் கூடினால் வடிகால் கூடும் என்பதற்கு இதுவே சான்று. தண்ணீர் ஊற்றியதும் தொட்டியைப் பத்து நிமிடம் சாய்த்து வைத்தால் கூடுதலாக வடிவதும் இதனால்தான்.

ஜல்லியை எடுத்துவிட்டு, துளை மேல் கொசுவலைத் துண்டு ஒன்று வைத்தால் போதும். 8 அங்குலத் தொட்டிக்கு 8 மி.மீ. அளவில் நான்கைந்து துளைகள் வேண்டும். மண்கலவை: கழுவிய கோகோபீட் 2 பங்கு, பெர்லைட் (பொரித்த எரிமலைப் பாறைத் துணுக்கு) அல்லது 3 முதல் 5 மி.மீ. செங்கல் துணுக்கு 2 பங்கு, நன்கு மட்கிய தொழு உரம் 1 பங்கு. செங்கல்லைச் சலித்துத் தூளை நீக்குங்கள்; தூளும் பொடிமணலும் இடுக்குகளை அடைக்கும். தேயிலைத் தோட்டத்துச் செம்மண் தொட்டிக்குள் இறுகிவிடும், அது வேண்டாம்.

செடியை வெளியே எடுத்து, கறுத்துக் கொழகொழத்த வேர்களை ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியால் வெட்டுங்கள். வெளுத்து விறைப்பாக உள்ளவை நல்ல வேர்கள். வேர் குறைந்துவிட்டதால் சிறிய தொட்டிக்கு மாற்றுங்கள். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும். ஒரு மாதம் உரம் போடாதீர்கள். தண்டின் அடியே கொழகொழத்திருந்தால் வேரோடு மல்லுக்கட்ட வேண்டாம். மணி பிளாண்ட்டில் நல்ல கணு உள்ள துண்டை வெட்டித் தண்ணீரில் வையுங்கள். குளிர்காலத்தில் வேர்விடச் சில வாரங்கள் கூடுதலாகப் பிடிக்கும்.

துளையில்லாத பீங்கான் தொட்டி அழகுக்குத்தான். செடியைத் துளையுள்ள தொட்டியில் வைத்து, அந்தத் தொட்டியைப் பீங்கான் தொட்டிக்குள் இறக்குங்கள். ஊற்றி அரைமணி கழித்து, அடியில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள்.