இரண்டு பாட்டு, ஒரே தெரு

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கப் பாடகி லிண்டா ரான்ஸ்டட்டின் எழுபதுகளின் பாடல்களை உங்கள் கட்டுரையைப் படித்துத்தான் கேட்க ஆரம்பித்தேன். கிடார், படுக்கவைத்து வாசிக்கும் பெடல் ஸ்டீல் கிடார், அவற்றுக்கு மேலே எழும்பும் அந்தக் குரல். ஒரு மாதம் வேறெதையும் கேட்கவில்லை. அப்புறம் 1983இல் வந்த ‘வாட்ஸ் நியூ’ தொகுப்பைப் போட்டேன். வயலின் கூட்டம், மெதுவாக நகரும் பழைய பாடல்கள். பெரிய ஹோட்டல் வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. ஃபோக் என்ற நாட்டுப்புறப் பாடலும், அமெரிக்கக் கிராமப்புறத்தில் பிறந்த கன்ட்ரியும் பாடியவர் ஏன் தன் மண்ணை விட்டு இங்கே போனார்? பணத்துக்காகவா? ‘டார்ச் சாங்’ என்கிறார்களே, அது என்ன?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

பணத்துக்காக இல்லை. அன்றைக்கு அவர் பெரிய அரங்கங்களை நிறைத்துக்கொண்டிருந்த பாடகி. பழைய பாடல்களை முழு வாத்தியக் குழுவோடு பாடப்போகிறேன் என்றதும் இசைத்தட்டு நிறுவனத்தில் வேண்டாம் என்றுதான் தடுத்தார்கள். அதற்கு முன்பே ஒருமுறை இதே மாதிரிப் பாடல்களைப் பதிவுசெய்து பார்த்து, மனசுக்கு ஒப்பாமல் வெளியிடாமலே விட்டிருந்தார். இருந்தும் திரும்பப் போனார். அமெரிக்காவில் மட்டும் 30 லட்சம் பிரதிகள் விற்றது பிறகு நடந்த கதை.

டார்ச் என்பது தீப்பந்தம். பிரிந்து போனவர்மேல் இன்னும் காதலோடு இருப்பதை, அவருக்காகப் பந்தம் ஏந்துவது என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். இனி வரமாட்டார் என்று தெரியும், ஆனாலும் கீழே வைக்க மனம் வராது. அந்த நிலையில் பாடும் பாட்டுதான் டார்ச் சாங். 1920களின் அமெரிக்க நாடக மேடைகளிலும் இரவு விடுதிகளிலும் வளர்ந்தது. அந்தக் காலத்துப் பாடகி ஹெலன் மார்கன் பியானோவின் மேலேயே உட்கார்ந்துகொண்டு பாடுவார்.

இப்போது நீங்கள் ஒரு மாதம் கேட்ட பாடல்களுக்கே வருகிறேன். 1974இல் வந்த ‘ஹார்ட் லைக் எ வீல்’ தொகுப்பில் கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் எழுதிய ‘ஐ கான்ட் ஹெல்ப் இட்’ இருக்கிறது. அதைப் பாடியதற்காக லிண்டாவுக்கு கன்ட்ரி பிரிவில் கிராமி விருதும் கிடைத்தது. பாட்டில் என்ன நடக்கிறது? பழைய காதலர் தெருவில் எதிர்ப்படுகிறார், கூடவே இன்னொருவர். பார்த்த நொடியில் நெஞ்சு காலடியில் விழுந்துவிடுகிறது. இன்னும் உன்னைத்தான் நேசிக்கிறேன், என்னால் என்ன செய்ய முடியும் என்கிறாள். எதையும் மறைக்கவில்லை. கூடப் பாடும் எம்மிலூ ஹாரிஸின் குரல் பக்கத்தில் வந்து அந்த வலியைத் தாங்கிப் பிடிக்கிறது.

‘வாட்ஸ் நியூ’ தொகுப்பில் அதே பெயருள்ள பாட்டிலும் இதே சந்திப்புதான். பழைய காதலர் எதிரே வருகிறார். ஆனால் இங்கே அவள் சும்மா விசாரிக்கிறாள். என்ன சேதி, எப்படி இருக்கிறாய், நீ மாறவே இல்லையே. விசாரித்ததற்கு மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறாள். எல்லாம் மரியாதையான பேச்சு. உண்மை கடைசி வரியில்தான் வெளியே வருகிறது, அதுவும் அவர் விடைபெற்றுப் போகும்போது.

நீங்கள் வயலின்களைக் குறை சொல்கிறீர்கள். என் காதுக்கு அந்தப் பாட்டில் உண்மை பேசுவதே வயலின்கள்தான். சொற்கள் நலம் விசாரித்துக்கொண்டிருக்க, அவள் சொல்லாமல் விழுங்கியதை எல்லாம் வாத்தியங்கள் சொல்கின்றன. கன்ட்ரி பாட்டில் வேதனையை வாய்விட்டே சொல்லிவிடலாம், அதற்கு நாலு வாத்தியம் போதும். இங்கே மறைப்பதற்கு ஒரு குரல் வேண்டும், காட்டிக்கொடுக்க ஒரு கூட்டம் வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு இசை எழுதியவர் நெல்சன் ரிடில். 1950களில் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா பாடிய ‘இன் த வீ ஸ்மால் அவர்ஸ்’ போன்ற தனிமைத் தொகுப்புகளுக்கும் அவர்தான். சில பாடல்களுக்கு மட்டும் எழுதித் தரக் கேட்டுத்தான் லிண்டா போனார், அவர் முழுத் தொகுப்பையும் ஏற்றுக்கொண்டார். கடைசியில் மூன்று தொகுப்புகள் ஆயின. ரிடில் 1985இல் இறந்துபோனார், மூன்றாவது அடுத்த வருடம் வந்தது.

எல்லாம் அமைந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ‘வாட்ஸ் நியூ’ தொகுப்பில் உள்ள ‘லவர் மேன்’ பாட்டை 1944இல் ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே பதிவுசெய்திருக்கிறார். அதைக் கேட்டபின் லிண்டாவுடையது எனக்கு ரொம்பச் சுத்தமாகத் தெரிகிறது. பெரிய குரல் உள்ளவர்களுக்கு அடக்கிப் பாடுவது லேசில் வராது. ‘வாட்ஸ் நியூ’ பாட்டில் அது வந்திருக்கிறது.

மண்ணை விட்டார் என்கிறீர்கள். அவர் அரிசோனாவின் டூசானில், அப்பா பாடிய மெக்சிகப் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர். ஹாங்க் வில்லியம்ஸும், ‘எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட்’ என்ற ஜாஸ் பாடகியும் சின்ன வயதிலேயே அவர் காதில் சேர்ந்தே விழுந்தார்கள். கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் மட்டும் என்ன? 1961இல் பாட்ஸி க்ளைன் பாடிய ‘கிரேஸி’யைக் கேளுங்கள். எழுதியவர் வில்லி நெல்சன், தயாரித்தவர் ஓவன் பிராட்லி, எல்லாரும் கன்ட்ரிக்காரர்கள். அது டார்ச் சாங் இல்லையென்றால் வேறெது?

ஒன்று செய்து பாருங்கள். இரவில், வீடு அடங்கிய பிறகு, முதலில் லிண்டா பாடிய அந்த ஹாங்க் வில்லியம்ஸ் பாட்டை ஓடவிடுங்கள். அது முடிந்த கையோடு ‘வாட்ஸ் நியூ’. முதல் இரண்டு சொற்களை அவர் எவ்வளவு லேசாகக் கேட்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள்.