கோர் காலி, வேலை மட்டும் காத்திருக்கிறது: லினக்ஸ் ஷெட்யூலர் கேள்வி பதில்

எந்த வேலை எந்தக் கோரில் எப்போது ஓடும் என்று முடிவெடுக்கும் ஷெட்யூலர் பற்றிய கேள்விகளை, வந்த வரிசையிலேயே எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்று. எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன்னால், மெதுவாக ஓடும் த்ரெட்டின் (நிரலுக்குள் தனித்து ஓடும் வேலைத் தொடர்) ஸ்கெட்ஸ்டாட் கோப்பைப் படியுங்கள். ப்ராக் அடைவில் உங்கள் ப்ராசஸ் எண்ணுக்குள் போனால், டாஸ்க் என்ற உள்ளடைவில் த்ரெட்டுக்கு ஒன்றாக இருக்கும். மேலேயே இருக்கும் கோப்பு முதன்மை த்ரெட்டை மட்டும் காட்டும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். உள்ளே மூன்றே எண்கள்: கோரில் ஓடிய நேரம், ஓடத் தயாராகி ரன் க்யூவில் (கோருக்கான வரிசையில்) காத்துக்கிடந்த நேரம், எத்தனை தடவை கோர் கிடைத்தது. முதல் இரண்டும் நானோ விநாடிக் கணக்கு. பத்து விநாடி விட்டு மறுபடி படித்துக் கழித்துப் பாருங்கள். இரண்டாவது எண் எகிறினால் ஷெட்யூலர் பக்கம் தேடலாம். இரண்டுமே அசையவில்லையா? த்ரெட் தூங்குகிறது. லாக், டிஸ்க், நெட்வொர்க் என்று போங்கள்.

கேள்வி (செங்காங்): அண்ணே, கோ மொழியில் எழுதிய கட்டணச் சேவை, கன்டெய்னர்களை (நிரல்களை அடைத்து ஓட்டும் தனிப்பெட்டிகள்) நிர்வகிக்கும் குபர்நெட்டீஸில் ஓடுகிறது. நோடில் (அது ஓடும் இயந்திரம்) 16 கோர், கன்டெய்னருக்கு சிபியு லிமிட் 2 கோர். டாஷ்போர்டில் சிபியு 40 சதவீதத்தைத் தாண்டவில்லை, ஆனால் சில கோரிக்கைகள் மட்டும் 90 மில்லி விநாடி வரை தாமதமாகின்றன. நோடும் காலியாகத்தான் இருக்கிறது.

பதில்: 90 என்ற எண்ணே காட்டிக்கொடுக்கிறது. கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கோட்டாவை, அதாவது லிமிட் அனுமதிக்கும் சிபியு நேரத்தை, வழக்கமாக 100 மில்லி விநாடி பீரியடில் அளக்கும். லிமிட் 2 என்றால் ஒவ்வொரு பீரியடுக்கும் 200 மில்லி விநாடி சிபியு நேரம் உங்களுக்கு. கோ 1.25க்கு முந்திய ரன்டைம் (நிரலோடு சேர்ந்து ஓடும் கோவின் நிர்வாகப் பகுதி) அந்த லிமிட்டைப் பார்க்காது, நோடின் 16 கோரும் தனக்கே என்று நினைத்துக்கொள்ளும். 16 த்ரெட்டும் சேர்ந்து எழுந்தால் 200 மில்லி விநாடி வெறும் 12.5 மில்லி விநாடியில் தீரும். மீதி 87.5 மில்லி விநாடிக்கு, பக்கத்துக் கோர்கள் ஈ ஓட்டினாலும் உங்களுக்கு ஒன்றும் கிடையாது. மாதச் சம்பளத்தை நாலாம் தேதியே தீர்த்த கதை. கார்பேஜ் கலெக்ஷன் (பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் வேலை) தொடங்கும்போது சும்மா இருக்கும் த்ரெட்டுகளும் அதில் இறங்குவதால், கோரிக்கை குறைவான நேரத்தில்கூட இது நடக்கும். டாஷ்போர்டு நிமிடச் சராசரி போடுவதால் அதன் கண்ணில் படாது.

உறுதிசெய்ய, அந்தக் கன்டெய்னரின் சிக்ரூப் (கெர்னல் வளங்களைப் பங்கிடும் ப்ராசஸ் குழு) அடைவில் சிபியு ஸ்டாட் கோப்பைத் திறங்கள். 'என்ஆர் பீரியட்ஸ்', 'என்ஆர் த்ராட்டில்ட்' இரண்டையும் ஒரு நிமிடம் விட்டு இரண்டு முறை குறித்துக்கொள்ளுங்கள். இடைவிடாமல் வேலை இருந்தால் நிமிடத்துக்கு 600 பீரியட். அதில் நூற்றுக்கு ஐந்து த்ராட்டில் ஆனாலே (கோட்டா தீர்ந்து நிறுத்தப்பட்டாலே) தாமத வரைபடத்தில் வால் முளைத்துவிடும், அதாவது சில கோரிக்கைகள் மட்டும் நெடுநேரம் இழுக்கும்.

தீர்வு: கோமேக்ஸ்ப்ராக்ஸ் மாறியை (ஒரே நேரத்தில் கோ நிரலை ஓட்டும் த்ரெட்டுகளின் எண்ணிக்கை) 2 ஆக்குங்கள், அல்லது கோ 1.25க்கு மாறுங்கள். கெர்னல் 5.4க்கு முந்தியது என்றால் அதையும் ஏற்றுங்கள். பழையவற்றில் கோர்களுக்குப் பகிர்ந்த கோட்டாத் துண்டு பயன்படாமலே காலாவதியாகி, கோட்டா மிச்சமிருந்தும் த்ராட்டில் ஆகும் கோளாறு இருந்தது. லிமிட்டை மட்டும் 3 ஆக்கிவிட்டு இருந்துவிடாதீர்கள். 16 த்ரெட்டுக்கு 300 மில்லி விநாடி என்பது 19 மில்லி விநாடிக்குத்தான் தாங்கும்.

கேள்வி (ஜூரோங் வெஸ்ட்): 8 கோர் சர்வரில் லோடு ஆவரேஜ் 48. ஆனால் எம்பிஸ்டாட் (கோர் பயன்பாட்டைக் காட்டும் கட்டளை) 95 சதவீதம் ஐடில் என்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டும் உண்மை. லினக்ஸ் லோடு ஆவரேஜில் ஓடுபவை, ஓடக் காத்திருப்பவை மட்டுமல்ல, டி நிலையில் எழுப்ப முடியாமல் தூங்குபவையும் சேரும். பிஎஸ் கட்டளையில் நிலை, டபிள்யூசான் (எந்தக் கெர்னல் பங்ஷனில் நிற்கிறது என்ற பத்தி) இரண்டையும் கேளுங்கள். நாற்பது ப்ராசஸும் என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழிக் கோப்பு அமைப்பு) தொடர்பான ஒரே இடத்தில் நின்றால், மவுன்ட்டின் மறுமுனை சர்வரைப் போய்ப் பாருங்கள். கோர் கூட்டி ஒரு பயனும் இல்லை.

கேள்வி (தை செங், டேட்டா சென்டர் பணி): சந்தை விலைத் தரவு வாங்கும் நிரலுக்காக 4 முதல் 7 வரையான கோர்களை ஐசோல் சிபியுஸ் (கெர்னலின் தொடக்க அமைப்பு) போட்டு ஒதுக்கி, டாஸ்க்செட்டில் (நிரலைக் குறிப்பிட்ட கோர்களில் கட்டும் கட்டளை) அந்த நான்கையும் கொடுத்தோம். காலை 9 மணிக்குச் சந்தை திறந்ததும் கோர் 4 மட்டும் நூறு, மற்ற மூன்றும் பூஜ்யம். ஷெட்யூலரில் பிழையா?

பதில்: பிழை இல்லை, நீங்கள் கேட்டதைத்தான் அது செய்திருக்கிறது. ஐசோல் சிபியுஸ் கொடுத்ததும் அந்தக் கோர்கள் ஷெட்யூலிங் டொமைனைவிட்டே (ஷெட்யூலர் வேலையைப் பகிர்ந்து போடும் கோர்களின் குழு) வெளியேறுகின்றன. அவற்றுக்குள் லோடு பேலன்சிங் நடக்காது. நான்கு கோர் கொண்ட மாஸ்க் (எந்தக் கோர்களில் ஓடலாம் என்ற குறிப்பு) கொடுத்தாலும் த்ரெட்டுகள் எல்லாம் முதலில் விழுந்த கோரிலேயே கிடக்கும். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் நாலு தடம் திறந்திருந்தும், திருப்பிவிட ஆள் இல்லாமல் எல்லா வண்டியும் ஒரே தடத்தில் நிற்பது மாதிரி.

வழி இரண்டு. சந்தைத் தரவு போன்ற வேலைக்கு, நிரலுக்குள்ளேயே ஒவ்வொரு த்ரெட்டையும் ஒரே ஒரு கோரில் கட்டுங்கள்: வாங்குவது 4, பிரிப்பது 5, இப்படி. த்ரெட் எண்ணிக்கை மாறும் என்றால் ஐசோல் சிபியுஸை எடுத்துவிட்டு, சிக்ரூப் இரண்டாம் பதிப்பில் சிபியுசெட் பார்டிஷனை (தனியே ஒதுக்கிய கோர் குழு) 'ரூட்' வகையாக அமையுங்கள். வெளியார் நுழைய மாட்டார்கள், உள்ளே பேலன்சிங்கும் நடக்கும். எதைச் செய்தாலும் முதலில் த்ரெட் சிப்லிங்ஸ் லிஸ்ட் கோப்பைப் பாருங்கள். 4க்கு ஹைப்பர்த்ரெட் ஜோடி (அதே நிஜக் கோரைப் பகிரும் இன்னொரு லாஜிக்கல் கோர்) 20 என்று இருந்து, 20இல் பேக்கப் ஓடினால் ஒதுக்கியதற்குப் பொருளே இல்லை. சாக்கெட் இரண்டு இருந்தால் நெட்வொர்க் அட்டை எந்த நியூமா நோடில் (அருகருகே இருக்கும் கோர்களும் நினைவகமும் சேர்ந்த பகுதி) இருக்கிறதோ அதே நோடின் கோர்களை எடுங்கள்.

கேள்வி (ஈசூன்): விஎம்மில் (மெய்நிகர் இயந்திரம்) 4 கோர். கோர் 0 மட்டும் சாஃப்ட் ஐஆர்க்யூவில் (இன்டரப்ட்டுக்குப் பின் கெர்னல் செய்யும் மிச்ச வேலை) நூறு, அதைச் செய்யும் கேசாஃப்ட்ஐஆர்க்யூடி த்ரெட் உச்சியில். அப்ளிகேஷனை வேறு கோருக்கு மாற்றியும் பயனில்லை.

பதில்: அங்கே முட்டுவது நெட்வொர்க் பாக்கெட் வேலை, அப்ளிகேஷனை நகர்த்தி ஆகாது. ப்ராக் அடைவின் இன்டரப்ட்ஸ் கோப்பில் எந்த வரியின் எண் எந்தக் கோர் பத்தியில் ஏறுகிறது என்று பாருங்கள். பின் ஈத்டூலில் (நெட்வொர்க் அட்டையின் அமைப்பைப் பார்க்கும் கட்டளை) எத்தனை சேனல் உண்டு என்று கேளுங்கள். நான்கு தரும் அட்டை ஒன்றில் ஓடுகிறதென்றால் நான்காக்குங்கள். ஒன்றுதான் உண்டு என்றால் ஆர்பிஎஸ் (பாக்கெட்டுகளைக் கெர்னலே கோர்களுக்குப் பிரிக்கும் வசதி) மாஸ்க்கில் 'எஃப்' எழுதினால் நான்கு கோருக்கும் பிரியும். ஆனால் ஒரே ஒரு டிசிபி இணைப்புதான் அவ்வளவு பாரமும் என்றால் இரண்டுமே உதவாது. ஒரு இணைப்பின் பாக்கெட்டுகள் ஒரே வரிசைக்குத்தான் போகும்.

கேள்வி (புக்கிட் பாத்தோக், இயந்திரக் கட்டுப்பாடு): சென்சார் படிக்கும் த்ரெட்டுக்கு ஸ்கெட் ஃபிஃபோ (ரியல் டைம் ஷெட்யூலிங் முறை) முன்னுரிமை 80 கொடுத்தோம். அது லாக்குக்காக ஸ்கெட் யீல்ட் (கோரை விட்டுக்கொடுக்கும் அழைப்பு) போட்டுச் சுற்றுகிறது. சில நேரம் அந்தக் கோரே உறைந்துபோகிறது.

பதில்: ஃபிஃபோவில் ஸ்கெட் யீல்ட் தன் முன்னுரிமைக்குச் சமமானவர்களுக்கு மட்டுமே வழிவிடும். லாக்கைக் கையில் வைத்திருக்கும் சாதாரண த்ரெட் அதே கோரில் கட்டப்பட்டிருந்தால் அதற்கு முறையே வராது. அது ஓடாமல் லாக் விடுபடாது, லாக் விடுபடாமல் இது நிற்காது. முழு உறைவு ஆகாமல் காப்பது ஆர்டி த்ராட்டில்தான்: இயல்பாக ஒரு விநாடியில் 950 மில்லி விநாடிக்கு மேல் ரியல் டைம் த்ரெட்டுகளுக்குக் கிடையாது. அந்த வரம்பை மைனஸ் ஒன்று (வரம்பே இல்லை) ஆக்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள், எஸ்எஸ்எச் கூட உள்ளே விடாமல் போகலாம். சுற்றுவதை விட்டுவிட்டு, ப்ரயாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ் பண்பு (லாக் வைத்திருக்கும் த்ரெட்டுக்குக் காத்திருப்பதன் முன்னுரிமையைத் தற்காலிகமாகத் தருவது) போட்ட பித்ரெட் மியூடெக்ஸுக்கு மாறுங்கள். 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனதற்கும், தாழ்ந்த முன்னுரிமை வேலைக்காக உயர்ந்தது காத்துக்கிடக்கும் இந்த ப்ரயாரிட்டி இன்வர்ஷன்தான் காரணம். இதே பண்பை இங்கிருந்தபடியே இயக்கித்தான் சரிசெய்தார்கள்.

கேள்வி (மாணவி, கிளமெண்டி): ஒரு டெர்மினலில் நைஸ் (முன்னுரிமை எண், கூடினால் சிபியு பங்கு குறையும்) 19இல் வீடியோ என்கோடிங், இன்னொன்றில் நைஸ் 0இல் கம்பைல். பாதிக்குப் பாதி பிரிகிறது. நைஸ் வேலை செய்யவில்லையா?

பதில்: ஆட்டோகுரூப் இயங்கினால் ஒவ்வொரு டெர்மினல் செஷனும் ஒரு குழு. நைஸ் குழுவுக்குள் மட்டும்தான் செல்லும், குழுக்களுக்கிடையில் சமபங்கு. என்கோடிங் ப்ராசஸின் ஆட்டோகுரூப் கோப்பில் 19 என்று எழுதுங்கள். சிஸ்டம்டி (லினக்ஸின் சேவை நிர்வாகி) சிபியு கன்ட்ரோலரை இயக்கியிருந்தால் இதுவும் பலிக்காது, என்கோடிங் இருக்கும் சிக்ரூப்பின் சிபியு வெயிட்டை 100இலிருந்து 10ஆகக் குறையுங்கள்.

கேள்வி (பிடோக்): விண்டோஸ் சர்வர் 2019, 96 லாஜிக்கல் ப்ராசஸர். பழைய நிரல் பாதிக்கு மேல் தொடவே மாட்டேன் என்கிறது.

பதில்: விண்டோஸில் ஒரு ப்ராசஸர் குரூப் அதிகபட்சம் 64. உங்கள் இயந்திரம் 48, 48 ஆகப் பிரிந்திருக்கும். குரூப் அறியாத நிரல் ஒன்றுக்குள்தான் வாழும். சர்வர் 2022 முதல் இயல்பாகவே எல்லாக் குரூப்பிலும் பரவும். அதுவரை இரண்டு பிரதிகள் ஓட்டுங்கள்.

கேள்வி (செங்காங், மீண்டும்): அண்ணே, கோமேக்ஸ்ப்ராக்ஸ் 2 ஆக்கினேன். த்ராட்டில் அடியோடு நின்றது, ஸ்கெட்ஸ்டாட்டின் இரண்டாவது எண்ணும் சுத்தம். 90 போய்விட்டது, ஆனால் இப்போது 15 மில்லி விநாடித் தாமதம் அடிக்கடி வருகிறது.

பதில்: வரிசை இடம் மாறியிருக்கிறது. இரண்டு த்ரெட்டுக்கும் கெர்னல் உடனே கோர் தருகிறது. கோருட்டீன்கள் (கோ மொழியின் இலகுவான த்ரெட்டுகள்) இப்போது கோ ரன்டைமின் சொந்த வரிசையில் நிற்கின்றன, அதை ஸ்கெட்ஸ்டாட் பார்க்க முடியாது. ரன்டைம் மெட்ரிக்ஸில் ஷெட்யூலர் லேட்டன்சி ஹிஸ்டோகிராம் இருக்கிறது, அதை எடுங்கள். 15 அங்கே தெரிந்து, அதே விநாடிகளில் பயன்பாடு 2 கோரை ஒட்டி நின்றால் இது நிஜப் பற்றாக்குறை. லிமிட்டையும் கோமேக்ஸ்ப்ராக்ஸையும் சேர்த்தே 4 ஆக்குங்கள்.