குவாய் பாலம்: இலங்கையிலா, தாய்லாந்திலா?

வணக்கம். 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தில் வரும் பாலம் இலங்கையில் இருப்பதாக ஒருவர் சொல்கிறார். தாய்லாந்தில்தான் என்கிறார் இன்னொருவர். பிப்ரவரியில் குடும்பத்தோடு இலங்கை போகிறோம். பாலத்தைப் பார்க்க முடியுமா? மெனக்கெட்டுப் போகிற அளவுக்கு அங்கே ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

இருவர் சொல்வதும் சரிதான். படத்தில் வெடித்துச் சரியும் மரப்பாலம் இலங்கையின் கித்துல்கலவில், களனி ஆற்றின் குறுக்கே படத்துக்காகவே கட்டியது. அசல் பாலம், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் கொண்டு போட்ட தாய்லாந்து-பர்மா ரயில்பாதையில், தாய்லாந்தின் காஞ்சனபுரியில் இருக்கிறது. அதன் மேல் இன்றும் ரயில் ஓடுகிறது.

கித்துல்கலவில் இப்போது பாலம் இல்லை. 1957 மார்ச்சில் நிஜமாகவே வெடிவைத்துத் தகர்த்தார்கள். முதல் முயற்சியில், கேமராக்காரர் ஒருவர் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேராததால் இயக்குநர் டேவிட் லீன் வெடியை நிறுத்திவிட்டார். ரயில் பாலத்தைக் கடந்துபோய் அக்கரையில் ஒரு ஜெனரேட்டரில் மோதியது. அதைச் சீர்செய்து மறுபடியும் ஓடவிட்டு எடுத்ததுதான் நாம் பார்க்கும் காட்சி.

இன்று மிச்சம் இருப்பவை பாலத்தின் கால்களைத் தாங்கிய கான்கிரீட் அடித்தளங்கள். நீர்மட்டம் குறைந்திருந்தால்தான் கண்ணில் படும். நீங்கள் போகும் பிப்ரவரி அதற்கு ஏற்ற மாதம். மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்குப் பருவமழையில் ஆறு நிரம்பிவிடும், அட்டைத் தொல்லையும் சேர்ந்துகொள்ளும். வெயில் காலத்திலும் ஒரு எச்சரிக்கை: மேலே நீர்மின் நிலையங்கள் இருப்பதால் மழையே இல்லாமல் தண்ணீர் உயரக்கூடும். பிள்ளைகளைப் பாறைகளில் இறங்க விடாதீர்கள். பாசி படிந்த கல் ரப்பர் செருப்புக்கு நிற்காது.

கித்துல்கலவுக்கு ரயில் கிடையாது. வரைபடத்தில் ஹட்டன் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து ஹட்டன் ரயிலில் ஏறினால், ஊரைத் தாண்டி மலைமேல் போய் இறங்கி, திரும்பக் கீழே பஸ்ஸில் வரவேண்டியிருக்கும். கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக ஹட்டன் போகும் பஸ்ஸே நல்லது. சுமார் 90 கிலோமீட்டர். ஊரில் படத்தின் பெயரைச் சொன்னால் ஆற்றுக்கு இறங்கும் பாதையைக் காட்டுவார்கள். கிளம்புமுன் கடைசி அரைமணி நேரப் படத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆற்றின் வளைவையும் எதிர்க்கரை மலையையும் மனதில் வைத்துக்கொண்டு போனால்தான் அந்தக் கான்கிரீட் துண்டுகளுக்குப் பொருள் கிடைக்கும்.

படத்தின் மருத்துவமனைக் காட்சிகள் கல்கிசையின் மவுண்ட் லவினியா ஹோட்டலில் எடுத்தவை. கமாண்டோ பயிற்சி முகாமாக வருவது பேராதனைத் தாவரவியல் பூங்கா. போரின்போது மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் நிஜமாகவே பேராதனையில்தான் இயங்கியது. படத்துக்கான இடங்களில் உண்மை வரலாறும் தொட்டுச்செல்லும் இடம் இது.

அசல் பாலத்துக்கும் படத்துப் பாலத்துக்கும் ஒற்றுமை மிகக் குறைவு. காஞ்சனபுரியில் இருப்பது சமவெளியில், தண்ணீருக்கு மேல் கொஞ்ச உயரத்தில் நிற்கும் இரும்புப் பாலம். ஜாவாவிலிருந்து கொண்டுவந்த வளைந்த இரும்புச் சட்டங்கள் பழையவை; நேர்க்கோணச் சட்டங்கள் இரண்டும் குண்டுவீச்சில் சேதமானவற்றுக்குப் பதிலாகப் போருக்குப் பின் வைத்தவை. மலையை ஒட்டி மரக்கால்களில் நிற்கும் பாலம் வேண்டுமென்றால், அதே ரயிலில் இன்னும் மேலே தாம் கிராசே வரை போகவேண்டும்.

415 கிலோமீட்டர் நீளமான அந்தத் தாய்லாந்து-பர்மா ரயில்பாதை முழுவதையும் 1942 முதல் 1943 வரை ஏறக்குறைய ஓராண்டில் போட்டு முடித்தார்கள். 12,000-க்கும் மேற்பட்ட நேச நாட்டுக் கைதிகள் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் அதைப்போலப் பல மடங்கு. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் அவர்களில் பெருந்தொகை. காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூட வைக்கவில்லை. படத்திலும் அவர்களுக்கு இடமில்லை. எவ்வளவு நல்ல படமானாலும் இந்தக் குறையை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை.

எனவே, என்றாவது காஞ்சனபுரி போனால் பாலத்தோடு திரும்பிவிடாதீர்கள். ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 பேர், பெரும்பாலும் தனித்தனிக் கல்லோடு, உறங்குகிறார்கள். அவர்கள் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் படையினர். நம்மவர்களுக்கான நினைவிடம் அங்கே இல்லை. அது வாட் தாவோன் வராராம் என்ற புத்தக் கோயிலில் இருக்கிறது. கல்லறையிலிருந்து நடந்தே போய்விடலாம்.